தொழில் போனபின் எழுதியவை



கையில் இருந்த தொழில் போய், அடுத்தது என்னவென்று தெரியாமல் நிற்கும் காலத்தில் ஒருவர் தன்னைப் பற்றி எழுதுவது. இதுவே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். இந்த அரங்கில் இருப்பவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். படித்து முடித்தவர்கள், முடிக்கப்போகிறவர்கள், துறைமுகத்தில் ஒப்பந்தக்காரரிடம் நாள்கூலிக்கு நிற்பவர்கள், கப்பல் வேலைக்குச் சான்றிதழெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு அழைப்புக்குக் காத்திருப்பவர்கள். உங்களில் சிலர் இரவில் நோட்டில் எழுதுகிறீர்கள், சிலர் கைப்பேசியில் எழுதிச் சேர்த்து வைக்கிறீர்கள். வீட்டுப் பெரியவர்கள் பார்த்தால், 'எழுதுற நேரத்துக்கு ஒரு பரீட்சைக்குப் படிக்கலாம்ல' என்பார்கள். அவர்கள் கவலை நியாயமானது. ஆனாலும் அந்த எழுத்து வீண் அல்ல என்பது என் உறுதியான நம்பிக்கை. இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். நம் தூத்துக்குடித் துறைமுகத்தின் பெயர்ப்பலகையில் இருக்கும் மனிதரே சான்று.

அவரிடம் போகுமுன் கடலைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். பிழைப்பு நிச்சயமில்லாமல் வாழ்வது இந்தக் கரைக்குப் புதிதல்ல. மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்கள் எந்த ஆண்டு விளையும், எந்த ஆண்டு வெறுமையாகக் கிடக்கும் என்று யாராலும் சொல்ல முடிந்ததில்லை. இந்த ஆண்டு பார் முழுக்கச் சிப்பி படிந்திருக்கும். அதிகாரிகள் வந்து மாதிரி எடுத்து, எண்ணி, எடைபோட்டு, இன்ன ஆண்டில் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, வைக்கலாம் என்று எழுதிவிட்டுப் போவார்கள். அந்த ஆண்டு வரும்போது சிப்பி இருக்காது. நீரோட்டம் மணலைக் கொண்டுவந்து மூடியிருக்கும், அல்லது மீன்கள் தின்று தீர்த்திருக்கும். சலாபம் நடந்தாலும் குளித்து எடுத்த சிப்பியில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்குதான் மூச்சடக்கி இறங்கியவருக்கு. 1955இல் தொடங்கி 1961 வரை நடந்த சலாபங்களோடு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நின்றுபோனது. 1973இல் இங்கே மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தில் கே. அழகர்சாமியும் உடன் பணியாற்றியவர்களும் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள். அது அறிவியலுக்குப் பெரிய வெற்றி. குளியாட்களுக்கு அதனால் பழைய தொழில் திரும்பக் கிடைக்கவில்லை. சங்கு குளிக்கப் போனார்கள், வலைக்குப் போனார்கள், தோணிக்குப் போனார்கள்.

இந்த முத்துக்குளிப்பைப் பற்றி எத்தனையோ அறிக்கைகள் இருக்கின்றன. அந்நாளைய மீன்வள அதிகாரி ஜேம்ஸ் ஹார்னெல் எழுதியவை மட்டுமே ஓர் அலமாரியில் தனியிடம் பிடிக்கும். பாரின் ஆழம், சிப்பியின் வயது, ஏலத்தில் போன விலை எல்லாம் அவற்றில் உண்டு. பார் ஏமாற்றிவிட்ட ஆண்டில் ஒரு குளியாள் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து என்ன நினைத்தான் என்பதை மட்டும் எந்த ஏட்டிலும் நான் படித்ததில்லை. அவனைப் பற்றி மற்றவர்கள் எழுதினார்கள். அவனுக்காகவும் எழுதினார்கள்: புன்னைக்காயலில் வாழ்ந்த அன்றீக்கே அன்றீக்கஸ் பாதிரியார் 16ஆம் நூற்றாண்டிலேயே, பாவசங்கீர்த்தனத்துக்கு முன் தன்னைத் தானே எப்படிச் சோதித்துக்கொள்வது என்று முத்துக் குளித்த பரவ மக்களுக்குச் சொல்லும் தமிழ்ப் புத்தகம் ஒன்றை அச்சிட்டார். ஆக, 'உன்னை நீயே விசாரித்துக்கொள்' என்ற அச்சுச் சொல் இந்தக் கரைக்கு வந்து நானூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆனால் அந்தப் புத்தகத்தில் கேள்வி கேட்பவர் பாதிரியார். பதில் வாய்வழியே போய்விடும், தாளில் தங்காது.

தாளில் தங்கும்படி, யாரும் கேள்வி கேட்காமலே, தன்னை எழுதிக்கொண்டவர்கள் இருவர் இந்த மாவட்டத்து மண்ணில் பிறந்தார்கள். ஒருவர் எட்டயபுரத்தவர், மற்றவர் ஓட்டப்பிடாரத்தவர். இருவரும் செய்யுளில் எழுதினார்கள். இருவருக்கும் அப்போது பிழைப்பு முறிந்திருந்தது.

பாரதி தன் வரலாற்றைக் 'கனவு' என்ற தலைப்பில் 1910இல் எழுதினார். வயது இருபத்தெட்டுக்குள். புதுச்சேரியில் தஞ்சம். அந்த ஆண்டில்தான் அவருடைய 'இந்தியா' பத்திரிகையும் நின்றுபோனது. பத்திரிகைத் தொழிலே அவருக்குப் பிழைப்பாக இருந்தது. அந்த நேரத்தில் அவர் திரும்பிப் பார்ப்பது எதை? எட்டயபுரத்தில் தந்தை சின்னசாமி ஐயர் தொழில் தொடங்கிப் பொருளையெல்லாம் இழந்து ஒடிந்துபோனதை. தனக்குக் கொடுக்கப்பட்ட ஆங்கிலப் படிப்பு தந்தையின் பணத்தைக் கரைத்ததே தவிரத் தனக்கு நன்மை தரவில்லை என்று மனம் கசந்து சொல்கிறார். தன் பிழைப்பு தள்ளாடும்போது தகப்பனின் தோல்வி நினைவுக்கு வருவது எவ்வளவு இயல்பு! இங்கே உட்கார்ந்திருக்கும் எத்தனையோ பேருக்கு இது தெரிந்திருக்கும். பாரதியைப் பற்றி இதற்குமேல் இன்று சொல்லப்போவதில்லை. சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள்.

துறைமுகத்தின் பெயர்ப்பலகையில் இருக்கும் வ.உ. சிதம்பரனாரிடம், நம் வ.உ.சி.யிடம், வருகிறேன்.

அவருடைய தொழில் வரலாற்றை ஒரு விண்ணப்பத்தில் எழுதுவதுபோல் எழுதிப் பாருங்கள். தாலுகா அலுவலகத்தில் சில காலம் குமாஸ்தா. பிறகு திருச்சியில் சட்டம் படித்து 1894இல் தேர்ச்சி. ஓட்டப்பிடாரத்தில் வக்கீல், 1900 முதல் தூத்துக்குடியில் வக்கீல். 1906 அக்டோபர் 16இல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவாகிறது. மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய். 1907இல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள். 1908இல் கோரல் ஆலை வேலைநிறுத்தம், மார்ச் 12இல் கைது, ஜூலை 7இல் பின்ஹே என்ற நீதிபதி இரட்டைத் தீவாந்தர தண்டனை விதிக்கிறார். மேல்முறையீட்டில் தண்டனை குறைகிறது. கோயம்புத்தூர்ச் சிறை, பிறகு கண்ணனூர்ச் சிறை. 1911இல் கம்பெனி கலைக்கப்படுகிறது. 1912 டிசம்பர் 24இல் விடுதலை. வெளியே வந்தபோது வயது நாற்பது. வக்கீல் தொழிலுக்கான சன்னது பறிபோயிருந்தது. கம்பெனி இல்லை. மனைவி, பிள்ளைகள், கடன். நெல்லைச் சீமையில் இருக்க முடியாமல் சென்னையில் குடித்தனம்.

அவர் விட்ட கப்பலையும் சிறையில் இழுத்த செக்கையும் நமக்குத் தெரியும். 1961இல் வந்த 'கப்பலோட்டிய தமிழன்' படம் அவற்றைத் தமிழ்நாடு முழுவதற்கும் காட்டிவிட்டது. விடுதலைக்குப் பின் அவர் உயிரோடு இருந்த ஏறத்தாழ இருபத்து நான்கு ஆண்டுகளை நாம் பேசுவதே இல்லை. இன்றைய உங்கள் நிலைக்கு அருகில் இருப்பது அந்த ஆண்டுகள்தான்.

அவர் எழுதிய 'சுயசரிதை' அகவலில் அமைந்தது. அவர் மறைந்து பத்து ஆண்டு கழித்து 1946இல் நூலாக வந்தது. ஓட்டப்பிடாரம், குலம், பெற்றோர், சிறுவயதில் ஆடிய ஆட்டங்கள் என்று ஒன்றுவிடாமல் அடுக்கிச் சொல்கிறார். முதல் மனைவி வள்ளியம்மையைப் பற்றிச் சொல்லும் இடம் எனக்கு மிகவும் பிடித்தது. ராமையா தேசிகர் என்ற பார்வையற்ற துறவியை வீட்டில் வைத்து ஆதரித்தபோது, சாதி பேசி ஊரார் முகம் சுளித்தார்கள். மனைவி என்ன சொல்வாரோ என்று இவர் தயங்க, அந்த அம்மையார் தயங்காமல் அவருக்குத் தம் கையால் உணவிட்டார். இந்தப் பெருமையைத் தனக்கு எடுத்துக்கொள்ளாமல் மனைவிக்கே கொடுக்கிறார். சிறைப் பகுதியில் சணல் கிழிக்கும் இயந்திரத்தில் கைத்தோல் உரிந்ததும், செக்கிழுத்ததும், சிறை அதிகாரிகளோடு மல்லுக்கு நின்றதும் வருகின்றன. அழுகைக் குரலே இல்லை. நடந்தது இன்னது, செய்தவன் இன்னான், நான் சொன்ன பதில் இன்னது என்று வக்கீல் வாக்குமூலம் எழுதுவதுபோல் ஓடுகிறது செய்யுள்.

இந்தச் சுயசரிதை சிறை விடுதலையோடு நின்றுவிடுகிறது.

இதைப் பல நாள் யோசித்திருக்கிறேன். எழுத நேரம் இல்லாதவரா? மொழிபெயர்த்தார், பதிப்பித்தார், உரை எழுதினார். நினைவு குறைந்தவரா? பாரதியைப் பற்றி அவர் எழுதிவைத்த நினைவுக் குறிப்பில் விடுதலைக்குப் பின் நடந்த சந்திப்புகளும் உண்டு. நண்பர் கதைக்குள் தான் ஓரமாக வந்துபோவதில் அவருக்குத் தடை இல்லை. தன் கதை என்று எடுத்தால் மட்டும் 1912இல் நிறுத்திக்கொள்கிறார். எனக்குத் தோன்றுவது இதுதான்: சிறை முடிந்த விஷயம். அதற்கு ஆரம்பம் உண்டு, கடைசி உண்டு, கதையாகச் சொல்லலாம். வேலை தேடி அலைந்த காலம் அவருக்கு முடியவே இல்லை. நடுவில் ஓடிக்கொண்டிருப்பதைக் கதையாக்கினால் பொய் சேர்ந்துவிடும் என்று அந்த வக்கீல் மனம் அஞ்சியிருக்கலாம். இது என் ஊகம். ஆனால் அந்தக் காலத்தைப் பற்றி அவர் வாய் மூடி இருக்கவில்லை. வேறு வடிவங்களில் எழுதினார். அந்த வடிவங்களைத்தான் உங்களுக்குக் காட்ட வந்திருக்கிறேன்.

முதலாவது கடிதம். 1915 ஏப்ரலில் காந்தி சென்னைக்கு வந்து, பதிப்பாளர் ஜி.ஏ. நடேசன் வீட்டில் தங்கியிருக்கிறார். வ.உ.சி. பார்க்க விரும்பி எழுதுகிறார். காலை ஆறு மணிக்கு வந்தால் சில நிமிடம் தரலாம் என்று காந்தியிடமிருந்து பதில். வ.உ.சி. திரும்ப எழுதுகிறார்: நான் பேச வேண்டியது சில நிமிடத்தில் முடியாதே. மேலும், இங்கிருந்து டிராம் ஐந்தரை மணிக்குப் பிறகுதான் புறப்படுகிறது, ஆறு மணிக்கு வந்துசேர முடியாமல் போகலாம். எட்டு ஆண்டுக்கு முன் கொழும்புக்குக் கப்பல் விட்டவர், டிராம் புறப்படும் நேரத்தைத் தாளில் எழுதுகிறார். வண்டி வைத்துக்கொண்டு வர வசதி இல்லை என்பதை மறைக்கவும் இல்லை, அதற்காகக் குறுகவும் இல்லை. உள்ள நிலவரம் இது, அதற்கேற்ப நேரம் சொல்லுங்கள் என்கிறார்.

சந்திப்புக்குப் பின் பண விஷயம் வருகிறது. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் வ.உ.சி.க்கென்று சேர்த்துக் காந்தியிடம் கொடுத்த தொகை ஒன்று இருந்தது; அது இவருக்கு வந்துசேரவில்லை. கிடைத்ததா என்று காந்தி கேட்கிறார். இல்லை என்று சொல்லி, தன் நிலையை விளக்குகிறார் வ.உ.சி. இரண்டு ஆண்டுக்கு மேலாகத் தன் குடும்பம் தென்னாப்பிரிக்க நண்பர்கள் அனுப்பும் உதவியில்தான் நடக்கிறது. தனக்கு உண்மையிலேயே பணம் தேவை. தனக்கென்று தரப்பட்ட பணம்தான் என்று உறுதியானால் அதை மறுக்கக் காரணம் எதுவும் இல்லை. மறுத்தால் தனக்கும் தன் குடும்பத்துக்கும் தீங்கு செய்தவனாவேன். இதுதான் அவர் எழுதியதன் சாரம். கடிதங்கள் மாதக்கணக்கில் போய்வந்து, 1916 தொடக்கத்தில் 347 ரூபாய் 12 அணா வந்துசேர்ந்தது. இந்தக் கடிதப் போக்குவரத்து முழுவதையும் ஆ. இரா. வேங்கடாசலபதி தேடித் தொகுத்து நூலாக்கியிருக்கிறார். தொகையே அந்த நூலின் தலைப்பிலும் இருக்கிறது.

அந்தக் கடிதங்களை நான் தன்னாய்வு என்றே கருதுகிறேன். பணம் இல்லாத மனிதனுக்கு இரண்டு வழி எளிது. ஒன்று, 'எனக்கொன்றும் வேண்டாம்' என்று மிடுக்காகச் சொல்லிவிட்டு வீட்டில் பட்டினி கிடப்பது. மற்றது, காலில் விழுவது. எழுத உட்கார்ந்ததால் மூன்றாவது வழி ஒன்றை அவர் கண்டுபிடித்தார். எனக்கு என்ன தேவை, அது எனக்கு உரியதா, மறுத்தால் யாருக்குக் கேடு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் விடை எழுதினார். வாய்ப்பேச்சில் இந்தத் தெளிவு வராது. பேசும்போது எதிரே இருப்பவர் முகம் நம்மை இழுத்துவிடும்.

அவரிடம் மிடுக்கே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். வந்த புலவர்க்கெல்லாம் மழைபோல் கொடுத்தவன் இன்று தானே பாட்டுப் பாடிப் பொருள் கேட்கும் நிலைக்கு வந்தேனே என்று அவர் பாடிய வெண்பா உண்டு. வலி அதில் கொதிக்கிறது. ஆனால் அந்த ஒரு வலியையே திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டு அவர் உட்கார்ந்துவிடவில்லை. இன்றைய இளைஞர்களின் எழுத்தைப் படிக்கும்போது எனக்குக் கவலை வருவது இந்த இடத்தில்தான். எழுதுகிறார்கள், நன்றாகவே எழுதுகிறார்கள். ஆனால் நேற்றைய துயரமே இன்றும் வருகிறது, அதே சொற்களில். நேர்முகத் தேர்வில் என்ன கேட்டார்கள், தான் என்ன சொன்னோம், எங்கே தடுமாறினோம் என்பது வருவதில்லை. அப்பாவிடம் எவ்வளவு வாங்கினோம், அதில் எது எதற்குப் போனது என்பது வருவதில்லை.

இரண்டாவது வடிவம், அறநூல். கண்ணனூர்ச் சிறையில் உடனிருந்த கைதிகளுக்கு நல்வழி சொல்லத் தொடங்கி, அதையே ஒற்றை ஒற்றை வரிகளாக யாத்தார். அதிகாரத்துக்குப் பத்து வரி, 125 அதிகாரம். 'மெய்யறம்' என்ற பெயரில் 1914இல் அச்சாகியது. மாணவரியலில் தொடங்கி இல்வாழ்வியல், அரசியல், அந்தணரியல் வழியாக மெய்யியலில் முடிகிறது. இதைத் தன்வரலாறு என்று யாரும் சொல்லமாட்டார்கள். அதை எழுதியவர் சிறைக் கைதி, உடனிருந்த மாணவர்களும் கைதிகள் என்பதை மனத்தில் வைத்துப் படித்தால் வேறுமாதிரி ஒலிக்கும். வக்கீல் தொழில் போனபின், 'எனக்குத் தெரிந்தது என்ன, அதில் இன்னொருவனுக்குப் பயன்படுவது எது' என்று கேட்டுக்கொண்ட ஒருவரின் கணக்கெடுப்பு அது. ஆங்கில எழுத்தாளர் ஜேம்ஸ் ஆலனின் நூல்களை அவர் மொழிபெயர்த்ததும் இதே வேலைதான். 'மனம் போல வாழ்வு' 1909இல், அவர் சிறையில் இருக்கும்போதே வந்தது. 'அகமே புறம்' 1914. 'வலிமைக்கு மார்க்கம்' 1916. ஆலன் சொல்வதெல்லாம் எனக்கு உடன்பாடில்லை. மனம் நன்றாக இருந்தால் வாழ்வும் நன்றாகிவிடும் என்று வேலையில்லாத ஒருவனிடம் சொல்வது பாதி உண்மைதான். கப்பல் கம்பெனி கவிழ்ந்தது வ.உ.சி.யின் மனக்குறையால் அல்லவே. ஆனால் பெருந்தோல்விக்குப் பின் ஒரு மனிதர் தினமும் உட்கார்ந்து, இன்னொருவர் எழுதியதை வாக்கியம் வாக்கியமாகத் தன் மொழிக்குக் கொண்டுவருவதில் ஒரு மருந்து இருக்கிறது. அந்த வேலை அவர் கையை ஓயவிடவில்லை.

பிறகு பதிப்பு வேலை. திருக்குறள் அறத்துப்பாலை மணக்குடவர் உரையோடு 1917இல் வெளியிட்டார். தொல்காப்பிய இளம்பூரணத்தில் உழைத்தார். சிவஞானபோதத்துக்கு எழுதிய உரை 1935இல் வந்தது. வருமானம் தந்த வேலைகள் அல்ல இவை. சன்னது பின்னாளில்தான் திரும்பக் கிடைத்தது. அதற்கு உதவியவர், முன்பு நெல்லையில் அவர்மீதான வழக்கை விசாரித்துச் செஷன்சுக்கு அனுப்பிய வாலஸ் என்ற அதே வெள்ளைக்கார அதிகாரி, அப்போது உயர்நீதிமன்ற நீதிபதி. நன்றி மறவாமல் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி. கோவில்பட்டியில் மறுபடி வக்கீல் தொழில்; 1930களில் தூத்துக்குடிக்குத் திரும்பினார். பழைய வருமானம் திரும்பவில்லை.

கடைசி வடிவம், உயில். 1936 நவம்பர் 18இல் அவர் மறைந்தார். அதற்கு முன் சொல்லி எழுதுவித்த உயிலில் இன்சூரன்ஸ் பணம், யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்ற விவரம் வருகிறது. துணிக்கடைப் பாக்கி, எண்ணெய்க்கடைப் பாக்கிகூட விடுபடவில்லை. பெரிய தலைவர் கடைசியில் எண்ணெய்க் கடைக்காரருக்குக் கடன்பட்டு இறந்தாரே என்று பலர் மேடையில் உருகுவார்கள். உருகலாம், தவறில்லை. எனக்கு அந்தப் பட்டியலைப் படிக்கும்போது மரியாதைதான் வருகிறது. தன் நிலையைப் பற்றி இத்தனை ஆண்டு தன்னிடமே பொய் சொல்லாதிருந்த ஒருவரால்தான் அப்படிப் பட்டியல் போட முடியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நமக்குக் கதையின் பின்பாதி தெரியும். 1974இல் தூத்துக்குடி பெருந்துறைமுகம் ஆனது, 2011இல் அதற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அதை வைத்துக்கொண்டு அவருடைய கடிதங்களைப் படித்தால், 'எப்படியும் வரலாற்றில் நிற்கப்போகிறவர்தானே' என்ற நினைப்பில் வேகமாகப் புரட்டிவிடுவோம். எழுதியவருக்கு அது எதுவும் தெரியாது. 1915இல் டிராம் நேரம் பார்த்தவருக்கு, அடுத்த மாத வாடகை எங்கிருந்து வரும் என்பதுகூடத் தெரியாது. தெரியாமல் எழுதியதால்தான் அந்த எழுத்து நம்பும்படி இருக்கிறது. உங்கள் நோட்டும் அப்படித்தான். அடுத்த ஆண்டு எந்த ஊரில், எந்த வேலையில் இருப்பீர்கள் என்று தெரியாமல் எழுதுகிறீர்கள். முடிவு தெரிந்தபின் எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், இன்று நீங்கள் எப்படி யோசித்தீர்கள் என்பதை அன்றைய நீங்களே மறந்திருப்பீர்கள்.

யாருக்கு எழுதுகிறோம் என்பதும் முக்கியம். வ.உ.சி.யின் எழுத்து ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் ஆள் இருந்தார்: காந்தி, உடன்கைதிகள், நண்பர்கள், பிள்ளைகள். வெறும் வானத்தைப் பார்த்து அவர் எழுதவில்லை. உங்களுக்கும் ஓர் ஆள் வேண்டும். அண்ணனுக்கு எழுதுங்கள், வெளிநாட்டில் இருக்கும் நண்பனுக்கு எழுதுங்கள், உங்களைவிட இரண்டு வயது இளைய, இதே குழப்பத்துக்குள் வரப்போகிற தெருப் பையனுக்கு எழுதுங்கள். படிப்பவர் ஒருவர் இருக்கிறார் என்ற நினைப்பு கையில் இருந்தால் புலம்பல் தானாகக் குறையும், விவரம் கூடும். உப்பளத்தில் மழைக்காலத்து மாதங்கள் வேலையில்லாமல் இருக்கும் அம்மாக்கள், அந்த மாதங்களை எப்படிக் கடத்தினோம் என்று சொல்லச் சொல்ல நீங்கள் எழுதிவைத்தால் அதுவும் இந்த வகையில் சேரும். முத்துக் குளித்தவர்களிடமிருந்து நமக்குக் கிடைக்காமல் போனது அதுதான்.

வ.உ.சி.யின் நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை, தேடினால் கிடைக்கும். அகவல் என்று பயந்து சுயசரிதையை ஒதுக்கிவிடாதீர்கள். முதல் பக்கத்திலிருந்து தொடங்கினால் குல வரலாறு கொஞ்சம் சலிப்பூட்டலாம். கோயம்புத்தூர்ச் சிறைக்குள் நுழையும் இடத்திலிருந்து படியுங்கள், வாய்விட்டுப் படியுங்கள், ஓசை உங்களை இழுத்துக்கொண்டு போகும். அதை முடித்தபின் காந்திக்கு எழுதிய கடிதங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டப்பிடாரத்துப் பிள்ளைப் பிராயத்தை அதற்குப் பிறகு படித்தால் போதும். நூலகத்தில் ஒரே ஒரு படி இருந்தால், நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்து ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்கலாம்.